கார்புரேட்டர் ஊசியும் உன் அப்பாவின் காதும்

மகனே,

நேற்று நீ ரவாங்கிலிருந்து டெலிபோன் செய்து, மூச்சு விடாமல் புலம்பித் தீர்த்து, "கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமாம்மா" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். வைத்ததும் நல்லதாய்ப் போயிற்று. டெலிபோனில் என்றால் நான் கத்தியிருப்பேன். கடிதத்தில் கத்தினால் எழுத்து கோணலாகும், அவ்வளவுதான். உன் புகார் என்ன? கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. உன் ஆபீஸ் நண்பர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நீ சோக்கை இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்து பார்த்தாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மல்லிகா, எல்லோர் காதிலும் விழும்படி, "சோக்க உள்ள தள்ளுங்க, பெட்ரோல் கூடிப்போயி அடச்சிக்கிச்சு" என்று சொல்லிவிட்டாள். நண்பர்கள் சிரித்தார்கள். உன் மானம் கப்பலேறிவிட்டது. கட்டிக்கொள்ளப் போகிறவள் நாலு பேர் முன்னால் இப்படிப் பேசினால் நாளைக்கு எப்படி என்று உனக்குக் கவலை. இதுதானே? நீ சொல்லாமல் விட்டதை நான் கேட்கிறேன். சோக்கை உள்ளே தள்ளியதும் வண்டி கிளம்பியதா இல்லையா? கிளம்பியிருக்கும். கிளம்பாவிட்டால் அதைத்தானே நீ முதலில் சொல்லியிருப்பாய்!

நேற்றே உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சாய்வு நாற்காலியில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அவன்கிட்ட அந்தக் கதையைச் சொல்லிரு" என்றார். இத்தனை வருஷம் சொல்லவேண்டாம் என்று வாயைக் கட்டிவைத்திருந்ததும் அவர்தான், அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அவர் சொல்லலாம் என்றதுமே எனக்குக் கை பரபரவென்று ஆகிவிட்டது. இன்று காலை சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த உறைக்குள் பஞ்சில் சுற்றி ஒரு சாமான் வைத்திருக்கிறேன். இப்போது பிரிக்காதே. படித்து முடித்துவிட்டுப் பிரி.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலம். நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் என் அப்பாவோடு இருந்தேன். என் அப்பா, அதாவது உன் தாத்தா, நீராவி எஞ்சின் ஓட்டியவர். குரல் ஊதல் மாதிரி இருக்கும். எனக்கு அம்மா இல்லை. வயசுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கப் பயந்த காலம் என்பதால் ஊரெல்லாம் அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. எனக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். வந்தார்கள் என்ன, வந்தார்! ஒற்றை ஆள். சொந்தபந்தம் யாருமில்லாமல், செந்தூல் ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த உன் அப்பா, ஒரு ரோத்தான் பிரம்புக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் இருக்கிறதிலே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, சீனி இல்லாத சோளக் காப்பியும் மரவள்ளிக்கிழங்கு வடையும் கொண்டுபோய் வைத்தேன். மனுஷன் தலையைத் தூக்கினால்தானே! கூடைக்குள் எட்டி எட்டிப் பார்க்கிறார். என் அப்பா தொண்டையைச் செருமினார். "பொண்ணைப் பாருப்பா, கூடையை அப்புறம் பாக்கலாம்" என்றார். அப்போதும் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "வந்தது என்னைப் பாக்கவா, கூடையைப் பாக்கவா? சொல்லிட்டீங்கன்னா நான் உள்ள போயி அடுப்பைப் பாப்பேன்" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "கோவிச்சிக்காதீங்க. இது ஓடலைன்னா என்னைச் சயாமுக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் உங்களை நான் பாத்து என்ன பிரயோஜனம்?" என்றார். சயாம் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் அப்பா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போட ஆள் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்களைப் பற்றிக் கசிந்து வந்த செய்தி எதுவும் நல்ல செய்தி இல்லை. உனக்கு எப்படிச் சொல்வது? அந்தச் சொல்லைக் கேட்டால் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

கூடையில் இருந்தது ஒரு பொம்மைக் கார். பொம்மை என்றால் தகரத்தில் செய்து சாவி கொடுக்கிறது இல்லை. முழங்கை நீளம், சிவப்புப் பெயிண்ட், ரப்பர் டயர், உள்ளே கொய்யாப்பழம் அளவில் நிஜமான எஞ்சின்! குட்டி பிளக், குட்டி கார்புரேட்டர், எல்லாம் இருந்தது. ஓடிப்போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் பங்களாவில் கிடந்ததாம். ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொண்ட ஜப்பான்காரக் கேப்டன் கையில் அது அகப்பட்டுவிட்டது. அந்த ஆளுக்கு வண்டிப் பைத்தியம். ஒர்க்‌ஷாப்பிலிருந்து சயாமுக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்த அன்றே உன் அப்பாவைக் கூப்பிட்டு, காரை நீட்டி, தெரிந்த நாலு மலாய் வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டானாம். "ஜாலான், திங்கல். தா ஜாலான், சயாம்." ஓடினால் இங்கேயே இருக்கலாம், ஓடாவிட்டால் சயாம். திடலில் விளையாட்டு விழா வரப்போகிறது, அன்றைக்கு அது எல்லோர் முன்னாலும் ஓடவேண்டும். நானோ உன் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறேன். காதில் கிரீஸ் ஒட்டியிருக்கிறது. எனக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது, போ! இந்த ஆளைச் சயாமுக்கு விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அதை வெளியில் சொல்ல முடியுமா? வடையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

கேப்டன் ஒரு சின்னப் போத்தலில் பெட்ரோல் கொடுத்திருந்தான். அந்தக் காலத்தில் பெட்ரோல் தங்கம். லாரிகளே கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த எஞ்சினுக்குப் பெட்ரோலோடு கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் கலக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உரசிப் பிடித்துக்கொள்ளும். ஆயிலுக்கு எங்கே போவது? உன் தாத்தா சும்மா இருப்பாரா? "விளக்கெண்ணெய் ஊத்துடா. வயித்துக்கும் அதான், வண்டி அச்சுக்கும் அதான்" என்று அடுப்படியிலிருந்து போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நம் வீடுகளில் தலைக்கு, வயிற்றுக்கு, கதவுக் கீலுக்கு, எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய்தானே! பெட்ரோலில் ஊற்றிக் குலுக்கினார்கள். கலந்த மாதிரி இருந்தது. டாங்கியில் ஊற்றிவிட்டுக் கயிற்றைச் சுற்றுவதற்குள் எண்ணெய் தனியாக இறங்கி அடியில் படிந்துவிட்டது. எஞ்சின் உறிஞ்சியது முழுக்க விளக்கெண்ணெய்! பிளக் நனைந்து, புகை கக்கி, கம்மென்று ஆகிவிட்டது. காயவைத்து மறுபடி, காயவைத்து மறுபடி என்று போத்தலும் காலி. கேப்டனிடம் போய் இன்னும் பெட்ரோல் கொடு என்று கேட்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது? உன் அப்பா பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது உன் தாத்தாவின் ரகசியம் ஒன்றை உடைக்கிறேன். சிரிக்காதே. அவர் குளியலறைக்குப் பின்னால் மரவள்ளிக்கிழங்கைப் புளிக்கவைத்துச் சம்சு காய்ச்சுவார். ரயில் எஞ்சினிலிருந்து கழற்றிய செம்புக் குழாயை வளைத்து, பாய்லர் விவகாரம் தெரிந்தவர் ஆயிற்றே, திரும்பத் திரும்பக் காய்ச்சி, நெருப்பு வைத்தால் நீலமாய் எரிகிற சரக்காக இறக்குவார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கழுவாத விளக்கெண்ணெய்ப் போத்தலில் அதைப் பிடித்துவைத்து, தண்ணீர் கலக்க மறந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டார். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று முழுக்க வாளியும் கையுமாக அலைந்தார்! உன் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அந்த வாளி ஞாபகம் வந்தது. "அப்பா! உங்க சரக்குல வெளக்கெண்ணெ கலந்துச்சில்ல? பிரியவே இல்லையே! அதான் குடிச்சிங்க!" என்று கத்தினேன். உன் அப்பா விருட்டென்று எழுந்தார். "அது நல்லா எரியுமா?" என்றார். உன் தாத்தா குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார். "குடிக்கிற சரக்கை எரிக்கிறதா? பாவம் புடிக்கும்லா!" என்றார். "அவரு போனா எனக்கு வேற மாப்பிள்ளை வேணாம்" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறித்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டதே! அப்புறம் உன் தாத்தா உள்ளே போய், ஒளித்துவைத்திருந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து உன் அப்பா முன்னால் வைத்தார்.

கலந்தது பார், அடேயப்பா, கண்ணாடி மாதிரி! ஆனால் எஞ்சின் பட் என்று ஒரு தும்மல் போட்டுவிட்டு நின்றது. கார்புரேட்டர் உனக்குத் தெரியும், காற்றையும் எரிகிற எண்ணெயையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற இடம். அந்தக் குட்டிக் காரில் அதற்கு ஓர் ஊசி உண்டு. திறந்தால் எண்ணெய் கூடும், மூடினால் குறையும். எவ்வளவு திறக்கவேண்டும் என்று வெள்ளைக்காரன் அரத்தால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தான். உன் அப்பா அந்தக் கோட்டைத் தாண்டமாட்டேன் என்கிறார். உன் தாத்தாவோ நீராவிக்காரர். "முழுசாத் தொறடா, ஆவி போனாத்தான் வண்டி போகும்" என்கிறார். முழுதாகத் திறந்தார்கள், எஞ்சின் முங்கிப்போயிற்று. கோட்டுக்கு மூடினார்கள், தும்மியது. இரண்டு பேருக்கும் சண்டை. பார்த்துக்கொண்டே இருந்த நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்தேன். "அரிசிக்கு வைக்கிற தண்ணியக் கெழங்குக்கு வச்சா வேகுமா? கோடு பெட்ரோலுக்குப் போட்டது. இது வேற சாமான். நீங்க கயித்தை இழுங்க, நான் திருகுறேன்" என்றேன். அவர் இழுத்தார். நான் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் திறந்தேன். தும்மல். இன்னும் கொஞ்சம். இரண்டு தும்மல். இன்னும் கொஞ்சம். பிடித்துக்கொண்டதடா! கொடகொடவென்று, சளி கட்டினவன் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். மெல்ல மூடிக்கொண்டே வந்தேன். சளி விலகி, குரல் தெளிந்து, ஙீ என்று ஒரே பாட்டு! பக்கத்துக் குவாட்டர்ஸ் கோழியெல்லாம் பறந்தன. உன் தாத்தா துண்டைத் தலைக்குமேல் சுழற்றி ஆடினார். நானும் உன் அப்பாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம். எப்போது பிடித்தோம் என்று தெரியவில்லை.

ஆனால் துணி காயப்போடுகிற கம்பத்தில் கம்பியால் கட்டி ஓடவிட்டபோது கொஞ்சம் ஓடிவிட்டு நின்றது. ஓடுகிற கார் வட்டமடிக்கும்போது டாங்கியில் இருக்கிற எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது, எஞ்சினுக்குப் போதவில்லை. பல தடவை ஓடவிட்டுத்தான் கண்டுபிடித்தோம். நிற்கும்போது இனிமையாகப் பாடினால் ஓடும்போது செத்துப்போகும். பாட்டு வந்த இடத்திலிருந்து ஊசியைக் கால் சுற்றுத் திறந்துவிட வேண்டும். அப்போது சத்தம் அசிங்கமாய் இருக்கும், கொடகொட என்னும். வேகம் எடுத்ததும் தானே தெளிந்துவிடும். அவசரப்படாமல் அந்த அசிங்கமான சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விழா நாள் வந்தது. குடும்பத்தோடு திடலுக்கு வரவேண்டும் என்று உத்தரவு. பெண்பிள்ளைகளை எல்லாம், சிப்பாய் கண்ணில் படாதபடி, முகத்தில் கரி பூசி, பழைய துணி கட்டி, வாயைத் திறக்காதே, நிமிராதே என்று சொல்லித்தான் கூட்டிப்போவார்கள். என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார். கயிற்றுக்குப் பின்னால் கூட்டத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். நடுவில் இரும்புக் குச்சி, அதில் கம்பி, கம்பியின் நுனியில் சிவப்புக் கார். உன் அப்பா பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே பிடித்தது. கொடகொட. எனக்கு உயிர் வந்தது. சரியான சத்தம்! ஆனால் கேப்டனுக்கு என்ன தெரியும்? கூட வந்த பெரிய அதிகாரிகள் முன்னால் இந்தச் சத்தமா என்று முகத்தைச் சுளித்து, கையை ஆட்டி ஏதோ கத்தினான். உன் அப்பா சட்டென்று ஊசிக்குக் கையைக் கொண்டுபோனார். ஊசியை மூடினார். சத்தம் தெளிந்தது. இன்னும் மூடினார். ஙீ என்று பாடியது. கேப்டன் சிரித்தான், அதிகாரிகள் தலையாட்டினார்கள். உன் அப்பா காரைத் தரையில் வைக்கக் குனிகிறார். ஐயோ, வைத்தால் கொஞ்ச தூரத்தில் செத்துவிடுமே! செத்தால் சயாம்!

எழுந்து நின்றுவிட்டேன். "தொறங்க! கால் சுத்துத் தொறங்க!" என்று என் அப்பாவின் குரலில் கத்தினேன். திடல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிப்பாய்கள் பார்த்தார்கள், கேப்டன் பார்த்தான். கல்யாணம் ஆகாத பெண், கரி பூசிய மூஞ்சி, கட்டிக்கொள்ளப் போகிறவனை நாலாயிரம் பேர் முன்னால் அதட்டுகிறாள்! உன் தாத்தா என் சேலையைப் பிடித்து இழுக்கிறார். நான் உட்காரவில்லை. "தொறங்கங்கறேன்ல!"

உன் அப்பா நிமிரவில்லை. யார் என்று தேடவில்லை. கையை எடுத்து ஊசியைக் கால் சுற்றுத் திறந்தார். பாட்டு போய் மறுபடி கொடகொட. கேப்டன் முகம் கறுத்துவிட்டது, ஓர் அடி முன்னால் வந்தான். அவன் வந்து சேர்வதற்குள் உன் அப்பா காரை விட்டுவிட்டார். முதல் சுற்று இருமிக்கொண்டே நொண்டியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அடுத்த சுற்றில் குரல் கொஞ்சம் தெளிந்தது. அதற்கடுத்து, அடேயப்பா, கார் கண்ணுக்கே தெரியவில்லை, சிவப்பாய் ஒரு வளையம்தான் தெரிந்தது! திடல் முழுக்க உன் தாத்தாவின் சம்சு வாசனை. சம்சு தீர்கிற வரை ஓடிவிட்டுத்தான் நின்றது. கேப்டன் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டிக்கொண்டு குதித்தான். "திங்கல்! திங்கல்!" என்றான். நான் அழுதேன். கரியெல்லாம் கரைந்து வழிந்து என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்!

அந்த வாரமே மற்றவர்களை ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்பியது. உன் அப்பாவோடு ஒரே அறையில் இருந்த துரைசாமி அண்ணன் அதில் போனார். திரும்பவில்லை. தான் தப்பிய கதையைச் சிரித்துக்கொண்டு சொல்ல உன் அப்பாவுக்கு மனசு வரவில்லை. அதனால்தான் உனக்கு இதுவரை தெரியாது. நேற்று அவர் சிரித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குப் புரியவேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

எங்கள் கல்யாணம் மேளம் இல்லாமல் கோயிலில் நடந்தது. ஆனால் கேப்டனை நம்ப முடியுமா? கார் ஓடிவிட்டது, இனி ஆள் எதற்கு என்று நினைத்துவிட்டால்? அதனால் உன் அப்பா ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு தடவை காரை ஓட்டிக் காட்டியதும் ஊசியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஈரம் பட்டால் துரு ஏறும், தன் கையால்தான் அதை எண்ணெயில் போட்டுவைக்கவேண்டும் என்று கேப்டனிடம் சொல்லிவைத்தார். கார் கேப்டனிடம், ஊசி என்னிடம். தாலிக்கயிற்றில் நாங்கள் சேப்டி பின் கோத்துவைப்போமே, அதோடு அதையும் கோத்துக்கொண்டேன். கேப்டனுக்குக் கார் ஓட்டிப் பார்க்க ஆசை வந்தால் உன் அப்பாவைத்தான் கூப்பிட்டு அனுப்பவேண்டும். ஜப்பான்காரன் தோற்றுப்போகிற வரை அது என் கழுத்தில்தான் கிடந்தது. கார் எங்கே போயிற்றோ, தெரியாது.

இப்போது உறையிலிருக்கும் பஞ்சைப் பிரி. அந்த ஊசிதான் அது. சின்ன வயதில் இது என்னம்மா என்று நீ கேட்டபோது, தையல் மெஷின் சாமான் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் ஒரு பெண் அதட்டினாளே, உங்களுக்கு வெட்கமாக இல்லையா, ஏன் என் பேச்சைக் கேட்டீர்கள் என்று நான் உன் அப்பாவைக் கேட்டதே இல்லை. கேட்டால் எங்கே கோபம் வருமோ என்று ஒரு பயம். இன்று காலை இந்தக் கடிதத்தை எழுத உட்காரும்போது கேட்டேன். "வெக்கமா? அந்தக் கேப்டன் கத்துனதுமே பயத்துல எனக்குக் காது அடச்சிக்கிச்சு. எஞ்சின் சத்தம்கூடக் கேக்கல. பாடுதா இருமுதான்னே தெரியாமத்தான் திருகிக்கிட்டு இருந்தேன். உன் சத்தம் ஒண்ணுதான் கேட்டுச்சு" என்றார்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதும் போடாததும் உன் இஷ்டம். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலமே காப்பாருக்கு, மல்லிகா வீட்டுக்குப் போ. இந்த ஊசி உனக்கு இல்லை. அதை மல்லிகாவிடம் கொடு.

அம்மா
கிள்ளான்